நீர்மாலைத் துணியின் நான்கு முனைகள்

மூன்றாம் டிவிஷன் லயம், சாந்தன்பாறை
11 ஜூலை 1976

அன்புள்ள பேத்தி பூமாரிக்கு அப்பத்தா சின்னத்தாய் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

கேட்டாய், சொல்கிறேன். உன் அப்பன் வீரபாண்டியை எடுத்த அன்றைக்கு நீர்மாலையில் இருந்தவர்கள் இவர்கள். பிணத்தைக் குளிப்பாட்ட ஓடையில் தண்ணீர் மொண்டு குடம் சுமந்த குருவம்மாள். குடத்துக்கு மேலே வேட்டி விரித்து நான்கு முனை பிடித்த நல்லமுத்து, இருளப்பன், மாயாண்டி, என் தம்பி மொக்கையன். வாசலில் சாணம் தெளித்த ஏல ஸ்டோர் சந்தனமேரி; வேதக்காரி, இருந்தும் ஒதுங்கவில்லை. அழாமல் நின்ற நான். என் இடுப்பில் நீ. நாலு வயது, அம்மை இறங்கி மூன்று நாள். பிள்ளைக்குச் சூடு தாங்கவில்லை என்று நல்லமுத்து பெண்சாதி உன்னை வாங்கிக்கொள்ள வந்தாள், நான் கொடுக்கவில்லை.

வராதவள் ஒருத்தி. உன்னைப் பெற்ற மருதாத்தாள். தன் ஆத்தாளுக்குச் சீக்கு என்று கொழிஞ்சாம்பாறைக்குப் போனவள், புருஷன் நிழல்மரத்தில் ஏறிக் கிளையைக் கவாத்து செய்யும்போது விழுந்து செத்தான் என்ற பிறகும் வரவில்லை.

இங்கிலீஷ் பரீட்சைக்கு ஒரு கல்யாண வீட்டைக் கேட்டிருக்கலாம். இழவு வீட்டை எதற்குக் கேட்டாய் என்று விளங்கவில்லை. விடுதியில் வயிறு நிறையச் சோறு போடுகிறார்களா, எழுது.

இப்படிக்கு,
சின்னத்தாய்

•

ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதி, சித்தூர்
25 ஜூலை 1976

அன்புள்ள அப்பத்தாவுக்குப் பூமாரியின் வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

பெயர்கள் கிடைத்தன. சரஸ்வதியம்மாள் டீச்சர் எங்களுக்குச் சொல்லியிருப்பது இதுதான். பலர் கூடிய ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதில் இருந்தவர்களைப் பற்றி இருபது வாக்கியம் எழுத வேண்டும். ஆளைச் சொல்லி, 'ஹூ' போட்டு, அப்புறம் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். குடம் சுமக்கிறவள் ஒருத்தி என்றால் 'கேரீஸ்'. நாலு பேர் என்றால் 'கேரி'. அந்த 'ஸ்'ஸை விட்டுவிட்டுத்தான் போன வருடம் எனக்கு வெறும் பதினெட்டு மார்க்.

அது போதாதென்று காலம் வேறு பார்க்க வேண்டும். தினமும் செய்கிற வேலைக்கு ஒரு வடிவம், ஒரு நாள் செய்து முடித்ததற்கு ஒரு வடிவம், அதற்கும் முன்னாலேயே முடிந்துவிட்டதற்கு 'ஹேட்' சேர்த்து இன்னொரு வடிவம். எது முதலில் நடந்தது என்று தெரியாமல் பேனாவை வைக்கவே முடியவில்லை.

அதனால் மணியோடு எழுதுங்கள், அப்பத்தா. நீர்மாலை எத்தனை மணிக்கு? அம்மாவுக்குத் தந்தி கொடுக்கப் போனது யார், எப்போது போனார்?

இங்கே நல்ல மழை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊட்டில் ராகிக்களி சாப்பிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமாரி

•

சாந்தன்பாறை
8 ஆகஸ்ட் 1976

பூமாரிக்கு ஆசீர்வாதம். ஒத்தடம் கொடுத்தேன், ஒரு நாள் கேட்டது, மறுநாள் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அப்புறம் அவன் செய்ததைச் சொல்கிறான். நாம் செய்ததை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஆளைக் கூப்பிடுகிறோம். இந்த டிவிஷன் செக்ரோல் பேர்ப் பட்டியலில் ஐந்து சின்னத்தாய். 'பாம்பை மிதித்த சின்னத்தாய்' என்றால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன். மிதித்தது ஒரு தடவை, அதுவும் செத்த பாம்பு. ஆனால் இந்த லயத்தில் ஒருமுறை வைத்த பெயர் சாகும்வரை போகாது. பிள்ளைகளுக்கும் ஒட்டும். 'வராத மருதாத்தா மக' என்று உன்னைச் சொன்ன இரண்டு பேரை நான் செருப்பால் அடிக்கப் போனேன். அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான், அது வேறு.

மணி கேட்டாய். அவன் விழுந்தது முந்தின நாள் சாயங்காலம். கோடை மழை, உடம்பு வைத்திருக்கிற நிலையில் இல்லை. யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று கங்காணி சொல்லிவிட்டார். இருந்தாலும் மறுநாளாவது வந்து சேரட்டும் என்று காலையிலேயே விலாசச் சீட்டை மொக்கையன் கையில் கொடுத்தேன். எஸ்டேட் ஜீப் ஒன்பதுக்குப் போடிக்கு இறங்கியது, அதில் போய்த் தந்தி கொடுத்தான். ஜீப் மலையேறி வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. நீர்மாலை பதினொன்றுக்கு. எடுத்தது இரண்டு மணிக்கு.

தந்தி கிடைத்தவள் மறுநாள் வந்திருக்கலாம். மூன்றாம் நாள் பால் தெளிக்க வந்திருக்கலாம். பதினாறு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்தாள்.

இன்னொன்று. நம் பக்கம் 'வீடு' என்றுதான் சொல்வோம். 'ஊடு' யார் வாயிலிருந்து உன் பேனாவுக்கு ஒட்டியது? குளிருக்கு அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொள்.

சின்னத்தாய்

•

சித்தூர்
12 செப்டம்பர் 1976

அன்புள்ள அப்பத்தாவுக்கு வணக்கம். நான் நலம். பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அம்மாவைப் பார்த்தேன். ஜூன் மாதத்திலிருந்து பார்க்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் தன் அண்ணன் அர்த்தநாரி மாமா வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறார். நான் இங்கே சேர்ந்தது எப்படியோ தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. 'உங்க அப்பத்தா சம்மதம் இல்லாம நான் உள்ள வரலாமா சாமி' என்று என்னையே கேட்டார். மறுவாரம் நான்தான் பஸ் ஏறிப் போனேன்.

அப்பத்தா, அம்மாவுக்குத் தந்தி வரவேயில்லை. 'ஒரு வரி வந்திருந்தா நடந்தாச்சும் வந்திருக்க மாட்டனா. ஏலக்காய் மூட்டை ஏத்திட்டு வந்த லாரிக்காரர் சந்தையில சொல்லித்தான் எனக்கே தெரியும்' என்கிறார். தெரிந்த அன்றைக்கே கிளம்பியிருக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்தால் நம் மலையில்தான் கேட்பேன். அப்போது நீங்களும் அம்மாவும் ஒரே வாசலில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கோபம் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பூமாரி

•

சாந்தன்பாறை
20 செப்டம்பர் 1976

பூமாரிக்கு. சுகம்.

தந்தி போனது. மொக்கையன் என் கூடப் பிறந்தவன், உன் அப்பனுக்குத் தாய்மாமன். அவன் கொடுத்தேன் என்றால் கொடுத்ததுதான். 'அனுப்பியாச்சுக்கா, இனி வர்றது அவ பாடு' என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எருமைக்காரி பதிமூன்று வருடம் யோசித்து ஒரு பொய் சொல்கிறாள், அதை நீ ராகிக்களியோடு சேர்த்து விழுங்குகிறாய்.

என் வாசலில் அவள் கால் படாது. பரீட்சையைப் பார். மழையில் நனையாதே.

சின்னத்தாய்

•

சித்தூர்
3 அக்டோபர் 1976

அன்புள்ள அப்பத்தாவுக்கு உங்கள் பேத்தியின் வணக்கம். சளி இருக்கிறது, காய்ச்சல் இல்லை.

நான் யாரையும் பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. வாக்கியம் மட்டும் எழுதினேன். நீங்கள் கொடுத்ததை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். நீர்மாலைத் துணியைப் பிடித்த நான்கு பேர். சரி. தந்தி கொடுக்கப் போடிக்குப் போன மொக்கையன் தாத்தா. சரி. டீச்சர் கேட்டார்: 'இதில் எது முன்னால், எது பின்னால்? எதற்கு ஹேட் போடப் போகிறாய்?'

பதினொன்றுக்குத் தாத்தா ஓடைக்கரையில் துணி பிடித்திருக்கிறார். ஒன்பதுக்கு ஜீப்பில் போடிக்கு இறங்கியிருக்கிறார். ஜீப் திரும்பியது விளக்கு வைத்த பிறகு. அப்பத்தா, நானும் எப்படியெல்லாமோ மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்த வடிவத்தைப் போட்டாலும் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கிறார்.

உங்களுக்கு எதுவும் மறக்காது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். நான்காவது முனையைப் பிடித்தது வேறு யாராவதா?

பரீட்சை இருபதாம் தேதி. முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே.

பூமாரி

•

சாந்தன்பாறை
14 நவம்பர் 1976

பூமாரிக்கு அப்பத்தா எழுதுவது. உடம்பு இருக்கிறது. முழங்காலைப் பற்றிக் கேட்காதே, இந்த மாதம் அதைப் போட்டு நடத்தியே கொன்றுவிட்டேன்.

நான்காவது முனை அவன்தான். வலது கை, பின்பக்கம். ஓடை ஏற்றத்தில் துணி தொய்ந்தபோது 'மாமா தூக்கிப் பிடி' என்று நல்லமுத்து சொன்னான். 'தூக்கித்தான் இருக்கேன்' என்றான் மொக்கையன். இரண்டு பேர் குரலும் எனக்கு இருக்கிறது. பார்த்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஜீப் டிரைவர் பெரியமுத்துவிடம் போனேன். ஐந்து மைல். "அன்னைக்கு என் வண்டியில யார் வந்தது?" என்றேன்.

"ஆத்தா, உரச் சாக்கும் நானும்தான் போனோம். மொக்கையன் அண்ணன் ஏறலையே. வீட்டுல இழவ வச்சுக்கிட்டு எப்படி வருவாருன்னு நானும் கேக்கல."

அப்புறம் தம்பி வீட்டுக்குப் போனேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"மொக்கையா, அந்தத் தந்தி என்னாச்சு?"

"எந்தத் தந்தி?"

"நீ வாழ்க்கையில எத்தனை தந்தி கொடுத்தே?"

இடிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு சொன்னான்: "என் மகளுக்குன்னு இருந்தவன் கால்வாய் வேலைக்குன்னு சித்தூருக்குப் போயி எவளையோ கூட்டியாந்தான். அன்னைக்காவது அவ இல்லாம நம்ம சனமா அவன அனுப்பலாம்னு நெனச்சேன். மறுநாள் கொடுத்துக்கலாம்னுதான் இருந்தேன் அக்கா. மறுநாள் விடியிறதுக்குள்ள நீ அவள வைய ஆரம்பிச்சுட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

விலாசச் சீட்டு எங்கே என்றேன். கூரைச் செருகலில் பல நாள் இருந்தது, பிறகு கரையான் தின்றது என்றான்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் என் கல்யாணச் சீலையில் மை கொட்டியவளையே இன்னும் விடாதவள் நான், வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

இதை உன் அம்மாவிடம் சொல். பரீட்சை எப்படி எழுதினாய்? சளி போயிற்றா?

சின்னத்தாய்

•

சித்தூர்
28 நவம்பர் 1976

அன்புள்ள அப்பத்தாவுக்கு வணக்கம். சளி போய்விட்டது. பரீட்சை நன்றாகத்தான் எழுதினேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, 'அஞ்சு மைல் நடந்தாங்களா' என்று அதைத்தான் கேட்டார். பிறகு, 'அந்தப் பெரியவர் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க அப்பா, போய்ச் சேர்ந்தவரு போய்ச் சேர்ந்துட்டாரு' என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. தந்தி கொடுக்காதது தாத்தா. பதினேழாம் நாள் அம்மா வந்து வாசலில் நின்றபோது, ஏன் வரவில்லை என்று கேட்காமல் கதவைச் சாத்தியது யார்? அம்மா மூன்று நாள் குருவம்மாள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்து என்னை ஒருமுறை பார்க்கக் கேட்டதாகச் சொல்கிறார். அது எனக்கு இதுவரை தெரியாது.

கோபத்தில் எழுதவில்லை, அப்பத்தா. எனக்குத் தலை வாரிவிட்டதும் நீங்கள், பள்ளிக்கூடம் அனுப்பியதும் நீங்கள். குளிர் ஏறும், கம்பளியை வெயிலில் போடுங்கள்.

பூமாரி

•

சித்தூர்
9 ஜனவரி 1977

அன்புள்ள அப்பத்தாவுக்கு. நலம்தானே? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. பெரியமுத்து மாமாவுக்கு எழுதிக் கேட்டேன், நீங்கள் நடமாடுவதாகச் சொன்னார். அது போதும்.

இங்கிலீஷில் பாஸ். ஐம்பத்திரண்டு. நீர்மாலை வாக்கியங்களை டீச்சர் வகுப்பில் வாசித்தார், பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டார்.

நான் கேட்டதற்குப் பதில் வேண்டாம். கடிதம் மட்டும் போடுங்கள்.

பூமாரி

•

சாந்தன்பாறை
30 ஜனவரி 1977

என் கண்ணு பூமாரிக்கு. பாஸ் செய்ததற்குக் குருவம்மாள் வீடு வரைக்கும் போய்ச் சர்க்கரை கொடுத்தேன். ஐம்பத்திரண்டு என்றால் நிறையவா என்று கேட்டாள். நூற்றுக்குத்தான் என்று சொல்லவில்லை.

சாத்தியது நான். நீ உள்ளே அழுதாய், அவள் வெளியே அழுதாள், நடுவில் என் முதுகு கதவில் இருந்தது. புருஷனுக்கு வராதவள் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டேன். ஊரே கேட்கும்படி அந்தப் பெயரை வைத்தேன். அவள் மூன்று நாள் இருந்தது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நீ வாசலுக்கு ஓடினாய், தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளை போனான், அவன் முகம் உன்னிடத்தில் இருந்தது, அதையும் விட மாட்டேன் என்று நின்றேன். அது காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

'கதவைச் சாத்திய சின்னத்தாய்' என்று இங்கிலீஷில் எழுதி டீச்சரிடம் காட்டு. சாத்தியது ஒரு நாள்தான். ஆனால் அது ஒரு நாள் வேலையா, பதிமூன்று வருட வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. எந்த வடிவம் வரும் என்று நீயே பார்த்துப் போடு.

உள்ளே வைத்திருக்கும் இன்னொரு தாளை மருதாத்தாளிடம் கொடு. அதில் வா என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. நீ நன்றாகச் சாப்பிடு.

சின்னத்தாய்

•

கொழிஞ்சாம்பாறை
10 பிப்ரவரி 1977

அத்தைங்களுக்கு மருதாத்தாள் கும்பிட்டுக்கொண்டு, அண்ணன் கையால் எழுதுவதுங்க. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்க சுகத்துக்குத் தெரிவியுங்க.

தாள் கிடைச்சதுங்க. எருமை ஒண்ணு ஈனுற நிலையில இருக்குது. அது ஈன்ற பிறகு வர்றனுங்க. பூமாரிக்குப் பள்ளியில பயிற்சிப் பாடம் நடத்தற நாளுங்க, அவ வர முடியாது. நான் தனியா வந்தா உங்களுக்குச் சங்கடம் இல்லீங்களே?

மருதாத்தாள்

•

சாந்தன்பாறை
6 மார்ச் 1977

அன்புள்ள பூமாரிக்கு அப்பத்தாவின் ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால்கூடச் சுகம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வியாழக்கிழமை உன் அம்மா வந்தாள். அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள்: போடியிலிருந்து ஜீப்பில் கூட்டிவந்து கூலி வாங்க மறுத்த பெரியமுத்து. பார்த்தவுடனே மூக்கைச் சிந்திய குருவம்மாள். நல்லமுத்து, இருளப்பன். மாயாண்டிதான் இல்லை, அவன் போய் நாலு வருடம். குளிருக்குப் போர்த்திக்கொண்டு வந்த சந்தனமேரி. பிறகு நான்.

தலை நரைத்திருக்கிறது அவளுக்கு. என் மனதில் இருபத்திரண்டு வயதுக்காரியே நின்றிருந்தாள், வேறு யாரோ என்று நினைத்தேன். படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "வரட்டுங்களா அத்தை" என்றாள்.

கதவைச் சாத்திய அன்றைக்கு எல்லோரும் கேட்கப் பேசினேன், இந்த முறையும் அப்படித்தான் பேச வேண்டும். "எல்லாரும் கேட்டுக்கங்க. இவளுக்குத் தந்தி போகல. போகாத தந்திக்கு இவ வந்தா, நான் கதவச் சாத்துனேன். இனிமே இவ வந்த மருதாத்தா. பழைய பேர எவ வாயாவது சொல்லுச்சுன்னா என் வாசல்ல அவளுக்குத் தண்ணி கிடையாது" என்றேன்.

உன் அம்மாதான் பேசினாள். "அத்தை, நின்னுட்டே இருக்காதீங்க, முழங்கால் வலிக்குமுங்க. எண்ணெய் காய்ச்சிக் கொண்டாந்திருக்கறனுங்க" என்றாள். என் முழங்காலைப் பற்றி நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துத் தேய்த்தாள். அவள் கையில் பால் வாடை. என்னை மன்னித்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். "காலை நீட்டுங்க" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மொக்கையன் குழாயடியில் வந்து நின்றான். பக்கத்தில் வரவில்லை, போகவும் இல்லை. உன் அம்மா ஒரு டம்ளரில் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "குளிருதுங்க, குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதான். காபி ஆறிப்போயிற்று.

எருமைக் கன்றுக்காக உன் அம்மா நாளைக்குக் கிளம்புகிறாள். மே மாதம் நீயும் அவளும் சேர்ந்து வருவதாகப் பேச்சு. பாய் இரண்டு புதிதாக வாங்கியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், இரண்டு வேளை தலைக்கு எண்ணெய் வை.

என்னைச் சமாதானம் செய்யச் சொல்லி என் தம்பி உனக்கு எழுதுவான். எழுதினால் இதைச் சொல். மருதாத்தாள் மன்னித்தது அவள் மனசு, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். கூரைச் செருகலில் சீட்டை வைத்துவிட்டு என் பிள்ளையின் நீர்மாலையில் வந்து துணி பிடித்தானே, அந்தக் கையை எனக்குத் தெரியும். கல்யாணச் சீலையில் மை கொட்டியவளைக்கூட இந்த மாதம் விட்டுவிட்டேன். இனி நான் விடாமல் வைத்திருப்பது ஒரே ஒருவனைத்தான்.

நான்காவது முனையைப் பிடித்த மொக்கையன்.